பாதி டேங்க்கில் நின்றுபோகும் ஒழுகல்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அப்பா ஓட்டிய 2008 மாடல் நூறு சிசி பைக், கார்ப்பரேட்டர் வண்டி. இரவில் வீட்டு ஹாலில்தான் நிற்கிறது. டேங்க்கை நிரப்பிய இரண்டு மூன்று நாளைக்குக் காலையில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது, இன்ஜின் தலைப்பகுதி நனைந்திருக்கிறது, தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியதும் தானாக நின்றுவிடுகிறது. மூன்று மெக்கானிக்கிடம் காட்டினீர்கள். ஒருவர் எம்-சீல் வைத்தால் போதும் என்றார், ஒருவர் ஈயம் வைக்கலாம் என்றார், மூன்றாமவர் டேங்க்கையே மாற்றச் சொன்னார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். மூவரும் மருந்து சொல்லியிருக்கிறார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒருவராவது காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் மூன்றில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு 27 வருடமாக இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒழுகும் டேங்க் நிறையப் பார்த்திருக்கிறேன். நெருப்பு வைக்கும் வேலையை மட்டும் நான் செய்வதில்லை, அதற்கென்று இருக்கும் ஆளிடம் அனுப்பிவிடுவேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. இன்று இரவு அந்த வண்டியை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். திருட்டுக்குப் பயந்து ஹாலில் நிறுத்துவது நம் ஊரில் வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி பரவும். கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகும், சமையலறைக்குப் போகும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் சரக்கு அது, நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் விளக்கேற்றுகிறோம், ஊதுபத்தி கொளுத்துகிறோம், அடுப்புப் பற்றவைக்கிறோம். ஃபிரிட்ஜ் ஆன் ஆகும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி வருகிறது. காலையில் வாசம் அடித்தால் சுவிட்சைப் போடாமல், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாமல், முதலில் கதவு ஜன்னலைத் திறந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போங்கள். ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போகக் கூடாது.

ஒழுகுவது கொஞ்சம்தானே என்று தோன்றும். பெட்ரோல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சின்னது. ஏறக்குறைய ஐம்பது துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லி ஆகும். அப்படியிருந்தும் நொடிக்கு ஒரு துளி விழுந்தால் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய்விடும். உங்களுடையது அந்த அளவு இல்லை. ஆனால் தரையில் நீங்கள் பார்க்கும் கறை விழுந்ததில் மிச்சம் மட்டுமே. பெரும்பகுதி ஆவியாகி வீட்டுக்குள் சுற்றிவிட்டது.

இனி நோயைப் பார்ப்போம். டேங்க் லீக் என்று என்னிடம் வரும் வண்டிகளில் பலவற்றில் டேங்க்கின் தகட்டில் ஒரு குறையும் இருக்காது. பெட்ரோல் டேப்பின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், அல்லது டேப் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் நான்கு ஓட்டை ரப்பர் தேய்ந்திருக்கும். டேப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் உட்காரும் இடத்தில் தூசி சிக்கி ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டும். பெட்ரோல் கேஜ் உள்ள வண்டியில் அதன் மிதவை யூனிட் டேங்க்கின் அடியில் திருகியிருக்கும், அந்த ரப்பர் வாஷர் தட்டையாகிப்போயிருக்கும். இவை எல்லாமே நூறு இருநூறு ரூபாய் வேலைகள். இதைப் பார்க்காமல் டேங்க்கைக் கழற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

உங்கள் வண்டியில் இவை அநேகமாக இல்லை என்று என்னால் சொல்ல முடிகிறது. காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: பாதிக்குக் கீழே போனால் நின்றுவிடுகிறது. டேப்பும் கேஜ் யூனிட்டும் டேங்க்கின் அடிமட்டத்தில் இருக்கின்றன. அங்கே ஓட்டை என்றால் ரிசர்வ் வரும்வரை ஒழுகும், ரிசர்விலும் ஒழுகும். கார்ப்பரேட்டர் ஓவர்ஃப்ளோவும் அப்படித்தான், டேங்க்கில் கால் லிட்டர் இருந்தாலும் டேப் திறந்திருந்தால் சொட்டும். பெட்ரோல் ஒரு மட்டத்துக்கு இறங்கியதும் ஒழுகல் நிற்கிறது என்றால் ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. இது ஊகம் கிடையாது, பானையில் ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவரைதான் தண்ணீர் வெளியே போகும். உங்களிடம் வரும் எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்கவேண்டியது, எப்போது ஒழுகுகிறது, எப்போது நிற்கிறது என்பதைத்தான்.

இதோடு இன்னொன்றையும் ஒதுக்கிவிடலாம். விளிம்புவரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினால் மூடி வழியாகக் கொஞ்சம் வழியும். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த பத்து லிட்டர், வெயிலில் 20 டிகிரி கூடச் சூடானால் இருநூறு மில்லி வரை பெருகிவிடும், அதற்கு இடம் வேண்டுமே. பல பேர் இதைப் பார்த்துவிட்டு டேங்க் போச்சு என்று ஓடி வருவார்கள். உங்களுக்கு ராத்திரியில், நிழலில், மூன்று நாள் தொடர்ந்து வருகிறது. அதனால் இது விரிவதால் வருவது கிடையாது.

சரி, பாதி உயரத்தில் என்ன இருக்கிறது? டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். வெளியே இருந்து ஒரு பெட்டி மாதிரி தெரிந்தாலும், அடியில் நடுவே நீளமாக ஒரு குழிவு இருக்கும். வண்டியின் முதுகெலும்பான ஃபிரேம் குழாய் அதற்குள்தான் போகிறது. பட்டறையில் அதைச் சுரங்கம் என்றுதான் சொல்வோம். இரண்டு பக்கமும் டேங்க் தொங்கும் பைகள், நடுவில் சுரங்கம். சுரங்கத்தின் சுவரும் கூரையும் ஏறக்குறைய டேங்க்கின் பாதி உயரத்தில் வரும். முன்பக்கம் இருபுறமும் ஃபிரேமில் உள்ள ரப்பர் உருண்டைகளின் மேல்தான் டேங்க் உட்காருகிறது. பதினாறு பதினேழு வருடத்தில் அந்த ரப்பர் கரைந்தோ கழன்றோ போயிருந்தால் இரும்பு இரும்போடு உரசும். டேங்க் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். இன்ஜின் அதிர்வு நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வெல்டு வைத்த ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும். அங்கே ஊறும் பெட்ரோல் ஃபிரேம் குழாயைப் பிடித்துக்கொண்டு வழிந்து, இன்ஜின் தலைக்கு மேலே வந்து சொட்டும். ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஓடு உடைந்தது ஒரு இடம், சட்டத்தில் ஓடிவந்து தண்ணீர் சொட்டுவது வேறு இடம். நனைந்திருக்கும் இடத்தை ஓட்டை என்று நம்பி எம்-சீல் அப்புகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவதாகச் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைப் பல மெக்கானிக்குகளே மறந்துவிடுகிறார்கள். உங்கள் டேங்க் மூடி மேல்தகட்டோடு சமமாகப் பதிந்து உட்காரும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைத்தண்ணீர் வெளியேற, டேங்க்குக்குள்ளேயே மேலிருந்து கீழ்வரை மெல்லிய குழாய் ஒன்று ஓடும். அடியில் அதன் முனையில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டித் தரையை நோக்கி விட்டிருப்பார்கள். அந்த உள்குழாய் நடுவில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், பெட்ரோல் அந்த உயரத்துக்கு மேல் இருக்கும்வரை குழாய்க்குள் புகுந்து கீழே ஹோஸ் வழியாக வந்துகொண்டே இருக்கும். ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடும். வெளியே எவ்வளவு தேடினாலும் டேங்க்கில் ஒரு கீறல்கூடக் கிடைக்காது. ஒருமுறை ஒரு ஆசிரியரின் வண்டி, நான்கு பட்டறை ஏறி இறங்கி, அடியில் முழுக்க எம்-சீலும் பெயிண்டுமாக என்னிடம் வந்தது. அந்த ஹோஸின் முனையில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன், பத்து நிமிடத்தில் நனைந்துவிட்டது. உங்கள் மூடி தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பழைய வகை என்றால் இந்தக் குழாய் இருக்காது, சந்தேகம் சுரங்கத்தின் மேல் மட்டும்தான்.

இரண்டில் எது என்று நீங்களே பார்க்கலாம். திறந்த வெளியில், பகலில், இன்ஜின் முழுக்க ஆறியபின். பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்க வேண்டும். டேப்பை மூடுங்கள். டேங்க்கின் அடிப்பகுதி, தையல் மடிப்பு, டேப்பைச் சுற்றி, கையும் பிரஷும் எட்டுகிற அளவு சுரங்கத்துக்குள் என எல்லா இடத்தையும் பழந்துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சாக்பீஸைப் பொடித்துத் தூவுங்கள், முகப்பவுடரும் ஆகும். தனியாகத் தொங்கும் ஹோஸ் இருந்தால் முனையில் காகிதத்தைச் சுற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பெட்ரோல் வந்த தடம் வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு முடியும் இடத்தை விடுங்கள், அது மேலே எங்கே தொடங்குகிறது என்று பிடித்துக்கொண்டே போங்கள். வெளிச்சத்துக்குச் செல்போன் வேண்டாம், பகல் வெளிச்சம் போதும்.

அதற்கு மேல் போவதென்றால் டேங்க்கைக் கழற்ற வேண்டும். பெட்ரோலை வடிக்கும்போது தயவுசெய்து ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். தொண்டையில் தவறி ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான், அப்படிப் படுத்த பையன்களை எனக்குத் தெரியும். டேப் இருக்கும்போது உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை, ஹோஸைக் கழற்றித் திறந்துவிட்டால் தானாக வடியும். தரையில் வைத்த தகர டின்னில் பிடியுங்கள், தண்ணீர் பாட்டிலில் வேண்டாம். கழற்றிய டேங்க்கைப் பட்டறையில் கழுவிவிட்டு, எல்லா வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, லேசாகக் காற்றேற்றி சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். சைக்கிள் பம்ப்பில் மெதுவாக ஓர் அடி, இரண்டு அடி போதும், 1 பிஎஸ்ஐ வந்தாலே தெரிந்துவிடும். 30 செ.மீ.க்கு 20 செ.மீ. தகட்டின் மேல் அந்த 1 பிஎஸ்ஐ 42 கிலோ எடைக்குச் சமம். கம்ப்ரசர் ஹோஸை நேராகச் சொருகினால் டேங்க் பூரி மாதிரி உப்பிவிடும். உப்பிய டேங்க் பிறகு ஃபிரேமில் உட்காராது.

டேங்க் கையில் இருக்கும்போது இன்னொரு சோதனையும் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் சரிசெய்வதா மாற்றுவதா என்பது அதில்தான் இருக்கிறது. அடித்தகட்டை, முக்கியமாக இடது பையின் அடி மூலையை, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும், சில இடத்தில் அழுத்தினாலே உள்ளே போகும். இடது மூலை ஏன் என்றால், சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம்தான் சாய்கிறது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் அதிகம், உள்ளே புகுந்த ஒவ்வொரு சொட்டும் அந்த மூலையில் போய்த் தங்கும். மூடியின் ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் போகிறது, பாதி காலியாக நிற்கும் டேங்க்குக்குள் இரவுப் பனியில் வியர்க்கிறது, வருடக்கணக்கில் அந்த இடம் உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே பெயிண்டில் மிளகு அளவு ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு ரூபாய் அளவுக்குத் தகடு மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட டேங்க்கில் ஓர் ஓட்டையை அடைப்பது வீண், பக்கத்தில் அடுத்த மாதம் இன்னொன்று விழும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இப்படி ஆனதா என்று பலர் கேட்கிறார்கள், நீங்களும் கேட்கக்கூடும். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: 2022 வாக்கில் 10 சதவீதமாக இருந்த கலப்பு, 2023 பிப்ரவரியில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) விற்பனை தொடங்கி, 2025இல் நாடு முழுக்க 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. 2008 வண்டி இ20-க்காகச் செய்யப்பட்டது அல்ல. ஆகவே ஓ-ரிங், ஹோஸ், டேப் ரப்பர் எல்லாவற்றையும் இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆனால் பதினேழு வருட டேங்க்கில் விழுந்த விரிசலை அண்மையில் வந்த இ20-இன் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தினமும் ஓடும் வண்டியைவிட மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டிக்குத்தான் அது அதிகக் கெடுதல்.

இப்போது அந்த மூன்று மருந்துகளுக்கு வரலாம். நடுவழியில் ஒழுக ஆரம்பித்தால் துணி துவைக்கும் பார் சோப்பை ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்ப்பது பழைய வழி, அது வேலை செய்யும். சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. பட்டறை போய்ச் சேரும்வரை தாங்கும், மழை வந்தால் போச்சு. எம்-சீல் அதைவிட மேல். பெட்ரோலை இறக்கிவிட்டு, பெயிண்டை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டால் அசையாத தகட்டில் வருடக்கணக்கில் நிற்பதும் உண்டு. ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஈரத்தின் மேல் அப்பினால் ஒரு வாரம்கூட நிற்காது. உங்களுடையது சுரங்க விரிசல் என்றால் எம்-சீலை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதிர்வு அங்கே ஓயாது, காய்ந்த எம்-சீலுக்கு நெகிழ்வு கிடையாது, விரிசல் அதன் அடியில் சத்தமில்லாமல் நீளும்.

ஈயம் வைப்பதில் ஒரு நன்மை, சூடு குறைவு. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும், பெயிண்டும் சுற்றியுள்ள தகடும் அதிகம் கெடாது. ஊசித்துளைக்கு அது போதும். ஆனால் ஈயம் மெத்தென்ற உலோகம், இழுவிசை வரும் இடத்தில் மறுபடி விடும். விரிசலுக்குச் சரியானது பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேசிங்தான். வெங்காரம் போட்டு, கேஸில் சூடாக்கி, விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு நிறுத்தி, மேலே மெல்லிய தகட்டை ஒட்டாக வைத்துப் பித்தளை ஓடவிட வேண்டும். தொள்ளாயிரம் டிகிரி பக்கம் போகும், பெயிண்ட் கருகும், அந்த இடத்துக்கு மறுபெயிண்ட் உண்டு. சுரங்கத்துக்குள் என்பதால் வெளியே தெரியாது. உரசலுக்குக் காரணமான ரப்பர் உருண்டைகளைப் புதிதாகப் போடாமல் பிரேசிங் மட்டும் செய்தால் இரண்டு வருடத்தில் பக்கத்தில் விரியும். ரப்பரைக் கடையில் கேட்டு வாங்கி முதலிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு வேலையை நான் ஏன் செய்வதில்லை என்று சொல்கிறேன் என்றேன். நான் தொழில் கற்ற காலத்தில், எங்கள் பட்டறைக்கு நாலு கடை தள்ளி ஒரு வெல்டிங் பட்டறை. ஒரு மொபெட் டேங்க்கைப் பெட்ரோல் இறக்கிக் கவிழ்த்து ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்துவிட்டு, காலியாகத்தானே இருக்கிறது என்று கேஸைக் காட்டினார்கள். வெடித்த சத்தம் எங்கள் கடைத் தகரத்தை ஆட்டியது. அந்த அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது என்பதை அன்றைக்குத்தான் நான் புரிந்துகொண்டேன். நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியான பத்து லிட்டர் டேங்க்கில் ஒரு மில்லிக்கும் குறைவான பெட்ரோல் ஆவியாக இருந்தாலே வெடிப்பதற்கான கலவை தயார். வெயிலில் காய்ந்தாலும் மடிப்புகளிலும் துருவிலும் பிசினிலும் அது ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் வெளியே வரும். முகர்ந்து பார்த்து வாசம் இல்லை என்று முடிவு கட்டுவதும், வண்டிப் புகையை உள்ளே விட்டுக் காற்றை விரட்டிவிட்டோம் என்று நம்புவதும் உயிரோடு விளையாடுவது.

ஆகவே வெல்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கூலியைக் கேட்பதற்கு முன்னால், டேங்க்கை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேளுங்கள். சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு மூன்று முறை குலுக்கிக் கழுவி, கடைசியில் ஓட்டை மேலே இருக்கும்படி சாய்த்து, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழேவரை தண்ணீரை நிரப்பி, தண்ணீருக்கு மேலே இருக்கும் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வேன் என்று சொன்னால் அவர் விஷயம் தெரிந்தவர். நைட்ரஜனோ கரியமில வாயுவோ உள்ளே விட்டுக்கொண்டே செய்கிறேன் என்றால் இன்னும் நல்லது. அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார் என்றால் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் நீங்களாகவே சால்டரிங் அயர்ன் வைத்து முயற்சி செய்ய வேண்டாம், அதில் நெருப்பு இல்லையே என்று நினைக்காதீர்கள்.

உள்குழாய்தான் ஓட்டை என்றால் வழி வேறு. அதை எட்டவே முடியாது. சிலர் மேலேயும் கீழேயும் அடைத்துவிடுவார்கள். ஒழுகல் நிற்கும், ஆனால் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் டேங்க்குக்குள் இறங்கும். மழைக்காலத்தில் வண்டி அணைந்து அணைந்து நிற்கும். டேங்க்கின் உள்ளே ஊற்றிச் சுழற்றும் இரண்டு பாக எபாக்சி பூச்சு கிடைக்கிறது, துருவை நீக்கிய பிறகு அது சின்ன ஓட்டைகளை மூடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி சிட்ரிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ விட்டுத் துருவை எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே முழுக்க உலர்த்திய பிறகுதான் பூச வேண்டும். ஈரமோ பெட்ரோல் பசையோ மிச்சமிருந்தால் பூச்சு உரிந்து செதில் செதிலாக டேப்பை அடைக்கும், அதற்குப் பின் அந்த டேங்க்கை யாராலும் மீட்க முடியாது. எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள், பழைய வகைகள் சில எத்தனாலில் இளகிவிடுகின்றன. என் கையில் பாதி நன்றாக நின்றிருக்கிறது, பாதி உரிந்திருக்கிறது. அதனால் இதை நான் உத்தரவாதம் கொடுத்துச் செய்வதில்லை. உள்குழாய் போன டேங்க்குக்கு நான் சொல்வது மாற்றுவதைத்தான். செகண்ட் ஹேண்ட் டேங்க் வாங்கினால் பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து பகல் வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள், இடது மூலையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே பூச்சு பூசியிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்ஷன் வண்டிகள். பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது, ஹோஸில் அழுத்தம் 40 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். பழைய பழக்கத்தில் ஹோஸைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கார்களில் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் டேங்க். நிரப்பியதும் வாசம் வந்து பிறகு நின்றுபோனால் மேலே இருக்கும் பம்ப் மூடியின் ரப்பரையும் நிரப்பு குழாயின் ஹோஸையும் பாருங்கள். டேங்க்கே கிழிந்திருந்தால் ஒட்டும் வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு என் கணிப்பு இது. பாதி மட்டத்தில் நிற்கிறது என்பது உறுதி என்றால் ஓட்டை அடித்தகட்டில் இல்லை. மூடி துருத்திய வகை என்றால் சுரங்கத்தின் முன்பக்க விரிசல் என்று பெரும்பாலும் நம்புகிறேன். தட்டிப் பார்த்து அடித்தகடு கணீரென்று இருந்தால் பிரேசிங்கும் புதிய ரப்பரும் போதும், அப்பாவின் டேங்க்கை மாற்ற வேண்டாம். மொத்தென்று கேட்டால் மூன்றாவது மெக்கானிக் சொன்னதுதான் சரி, ஓட்டையைப் பார்க்காமலே சொல்லியிருந்தாலும். வேலை முடிந்து வந்ததும் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேவரை நிரப்பி, மறுபடி சாக்பீஸ் பொடி தூவி, இரண்டு இரவு வெளியே நிறுத்திப் பாருங்கள். பொடி வெள்ளையாகவே இருந்தால் மூன்றாம் இரவு உள்ளே ஏற்றலாம். நாளைக்குப் பகலில் பார்க்கும்போது கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது, தனி ஹோஸ் இருக்கிறதா இல்லையா என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.